முப்பது டேப் திறந்தால் என்ன ஆகும்? குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ்: செய்து பார்க்கும் முறை

நாலைந்து டேப் வரை எல்லா பிரவுசரும் ஒன்றுதான். முப்பதைத் தொடும்போதுதான் ஒவ்வொன்றின் குணமும் தெரியும். விண்டோஸ் கணினியில் மூன்றையும் போட்டுக்கொண்டு, கீழே உள்ளதை ஒவ்வொன்றிலும் செய்து பாருங்கள்.

1. முதலில் இந்த செட்டிங். புது பிரவுசரில் இதை மாற்றாமல் வேலையைத் தொடங்காதீர்கள். மூடித் திறந்தால் டேப் எல்லாம் போய்விடும். குரோமில் செட்டிங்ஸ், ஆன் ஸ்டார்ட்அப், 'கன்டின்யூ வேர் யூ லெஃப்ட் ஆஃப்'. ஃபயர்ஃபாக்ஸில் ஜெனரல் பக்கத்தின் மேலேயே 'ஓப்பன் ப்ரீவியஸ் விண்டோஸ் அண்ட் டேப்ஸ்'. எட்ஜிலும் தொடக்கப் பக்கத்துக்கான பகுதியில் இதே பொருளில் ஒரு தேர்வு உண்டு.

2. டேப்களைக் குவியுங்கள். ஒரு செய்தித் தளத்தின் முகப்புக்குப் போய், கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி முப்பது தலைப்புகளைக் கிளிக் செய்யுங்கள். எல்லாம் பின்னால் புது டேப்பாகத் திறக்கும். நீங்கள் முகப்பிலேயே இருப்பீர்கள். மவுஸின் நடுச்சக்கரத்தை அழுத்தினாலும் இதேதான்.

இப்போது மேலே பாருங்கள். குரோமிலும் எட்ஜிலும் டேப்கள் சுருங்கிச் சுருங்கி வெறும் ஐகானாக நிற்கும். ஒரே தளம் என்பதால் முப்பதிலும் ஒரே ஐகான். எது எந்தச் செய்தி என்று சொல்லவே முடியாது. ஃபயர்ஃபாக்ஸ் 76 பிக்சலுக்குக் கீழே டேப்பைச் சுருக்காது. தலைப்பின் முதல் சில எழுத்துகள் தெரியும், ஆனால் மிச்ச டேப்களைப் பார்க்க ஓரத்து அம்புக்குறியை அழுத்தி நகர்த்த வேண்டும்.

தலைப்பு முழுசாகத் தெரிய வேண்டுமானால் டேப்களை இடப்பக்கம் நெடுக்காக அடுக்குவதே சரி. எட்ஜில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + கமா. ஃபயர்ஃபாக்ஸில் 136-ஆம் பதிப்பு (2025) முதல் உண்டு. டேப் பட்டையில் ரைட் கிளிக் செய்தால் கிடைக்கும். அகலத் திரையில் பக்கவாட்டு இடம் எப்படியும் வீணாகத்தான் கிடக்கிறது.

3. தொலைந்த டேப்பைத் தேடுங்கள். குரோமிலும் எட்ஜிலும் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + ஏ அழுத்தி, தலைப்பில் உள்ள ஒரு சொல்லைத் தட்டுங்கள். தமிழிலும் தட்டலாம். இதே கீயை ஃபயர்ஃபாக்ஸில் அழுத்தினால் ஆட்-ஆன் (பிரவுசரில் சேர்க்கும் கூடுதல் வசதிகள்) பக்கம் வந்து நிற்கும். ஃபயர்ஃபாக்ஸில் டேப்பைத் தேட, முகவரிப் பட்டையில் % போட்டு, ஒரு இடைவெளி விட்டு, சொல்லைத் தட்ட வேண்டும்.

4. கணினி திணறினால். ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்துங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு மெமரி தின்கிறது என்ற பட்டியல் மூன்றிலும் வரும். குரோமின் 'மெமரி சேவர்' நெடுநேரம் தொடாத டேப்பை மெமரியிலிருந்து இறக்கிவிடும். திரும்பக் கிளிக் செய்தால் பக்கம் மறுபடி லோட் ஆகும். எட்ஜ் அவற்றைத் தூங்க வைக்கும், டேப் மங்கலாகத் தெரியும். விண்டோஸில் ஃபயர்ஃபாக்ஸ் மெமரி தட்டுப்பாடு வந்தால்தான் தானாக இறக்கும். மறுபடி லோட் ஆகக் கூடாத தளங்களை குரோமின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் 'ஆல்வேஸ் கீப் தீஸ் சைட்ஸ் ஆக்டிவ்' பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

5. தவறி மூடிவிட்டால். கண்ட்ரோல் + ஷிஃப்ட் + டி, மூன்றுக்கும் பொது. அழுத்த அழுத்த ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். ஆனால் குரோமின் இன்காக்னிடோவில் (ஹிஸ்டரியைச் சேமிக்காத தனி விண்டோ) மூடியது மூடியதுதான்.

மூடிய விண்டோவைத் திருப்ப ஃபயர்ஃபாக்ஸில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + என். குரோமில் அதே கீ இன்காக்னிடோவைத் திறக்கும். பிரவுசர் மாறிப் பழகுபவர்கள் தடுமாறும் இடம் இது.

முப்பது டேப்பும் ஒட்டுமொத்தமாகக் காணாமல் போவது பெரும்பாலும் இரண்டு விண்டோ இருக்கும்போதுதான். பெரியதை முதலில் மூடி, பின்னால் ஒளிந்திருந்த சின்ன விண்டோவைக் கடைசியாக மூடினால், அடுத்த முறை அந்தச் சின்ன விண்டோ மட்டுமே திரும்பும். பதறி வேறு பக்கங்களைத் திறக்க வேண்டாம். ஹிஸ்டரி மெனுவுக்குப் போங்கள்: 'ரீசன்ட்லி குளோஸ்டு' பட்டியலில் டேப் எண்ணிக்கையோடு அந்த விண்டோ இருக்கும், ஒரே கிளிக்கில் மொத்தமும் வந்துவிடும்.