மிஸ்டர், சர், எஸ்கொயர்: எங்கே சறுக்குகிறோம்?

ஆங்கிலேயர் ஆண்களின் பெயரோடு சேர்க்கும் மரியாதைச் சொற்களில் நாம் செய்யும் பிழைகள் பெரும்பாலும் ஒரே வகைதான். சொல் சரியாக இருக்கும், பெயரில் அது போய் ஒட்டும் இடம் மாறியிருக்கும்.

மிஸ்டர் என்பது மாஸ்டர் பேச்சுவழக்கில் தேய்ந்து வந்த வடிவம். அது குடும்பப் பெயரைப் பிடித்துக்கொள்ளும். ஜான் பிரவுன் என்பவர் மிஸ்டர் பிரவுன். மிஸ்டர் ஜான் அல்ல. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத நமக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிட்டு லண்டன் போனால், குமாரை எல்லோரும் மிஸ்டர் முருகேசன் என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. எப்படி அழைக்க வேண்டும் என்பதை மின்னஞ்சலின் அடியில் நாமே எழுதிவிடுவது நல்லது.

சர் இதற்கு நேர் எதிர். இது பிரிட்டிஷ் மன்னர் தரும் நைட் பட்டமோ, பரம்பரையாக வரும் பேரனெட் பட்டமோ உள்ளவர்களுக்கானது, இயற்பெயரோடுதான் வரும். 1997இல் நைட் ஆன பாடகர் பால் மெக்கார்ட்னியை சர் பால் என்றோ சர் பால் மெக்கார்ட்னி என்றோ சொல்லலாம். 'சர் மெக்கார்ட்னி' நம் செய்தித்தாள்களில் அடிக்கடி கண்ணில் படும் பிழை. மனைவிக்கு மட்டும் குடும்பப் பெயர்: லேடி மெக்கார்ட்னி. இந்த விதியைத் தமிழ்ப் பெயர்களில் கண்மூடிப் போட்டால் வேடிக்கையாகிவிடும். இலங்கையின் பொன்னம்பலம் இராமநாதன், பொன்னம்பலம் அருணாசலம் இருவரும் உடன்பிறந்தவர்கள், இருவரும் நைட். முதல் பெயரை மட்டும் எடுத்தால் இரண்டு பேருமே 'சர் பொன்னம்பலம்', அதுவும் அப்பா பெயரில்! இப்படிப்பட்ட இடத்தில் முழுப்பெயரையும் எழுதிவிட வேண்டும். பிரிட்டிஷ் மன்னரைத் தலைவராக ஏற்காத நாட்டுக் குடிமக்களுக்குக் கிடைப்பது கௌரவ நைட் பட்டம். அதற்கு சர் கிடையாது. 2005இல் அதைப் பெற்ற பில் கேட்ஸ் இன்றும் மிஸ்டர் கேட்ஸ்தான்.

எஸ்கொயர் ஒரு காலத்தில், நைட் என்றால் குதிரைப் போர்வீரர் என்றிருந்த நாளில், அவருடைய கேடயம் சுமந்தவரைக் குறித்தது. இது முழுப்பெயருக்குப் பின்னால், காற்புள்ளி போட்டு வரும். முன்னால் மிஸ்டரும் பின்னால் எஸ்கொயரும் சேர்ந்து வரக் கூடாது. அமெரிக்காவில் இது வழக்கறிஞர்களுக்கு, பெண்களுக்கும் சேர்த்து.

பிரிட்டனில் அறுவை சிகிச்சை நிபுணரை மிஸ்டர் என்றால் குறைத்துப் பேசியதாகாது. அந்தக் காலத்தில் மருத்துவர்கள் பல்கலைக்கழகப் பட்டம் பெற்று டாக்டர் ஆனார்கள். அறுவை செய்தவர்களோ நாவிதர்களோடு ஒரே சங்கத்தில் இருந்து தொழில் பழகியவர்கள், 1745இல்தான் பிரிந்தார்கள். பட்டம் இல்லாததால் அவர்கள் மிஸ்டர்தான். பின்னாளில் பட்டம் வந்தும் அந்த மிஸ்டர் மட்டும் பெருமைக்குரிய அடையாளமாகத் தங்கிவிட்டது.

கடிதத்தில் 'டியர் சர்' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெயித்ஃபுலி', 'டியர் மிஸ்டர் பிரவுன்' என்றால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. மிஸ்டரின் பன்மையான மெசர்ஸ், ஆட்களின் பெயரில் நடக்கும் கூட்டு நிறுவனங்களுக்கு உரியது. பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு முன்னால் அதைப் போடுவது நம் பில் புத்தகங்களில் ஊறிப்போன பழக்கம், அடித்துவிடலாம்.