வெட்டிய குரலும் முழுக் குரலும்: இணையத்தில் பிறர் மனம் அறியக் கற்பிக்கும் ஒரு முறை

எங்கள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில், கடலோர ஊரைச் சேர்ந்த மாணவி ஒருத்தி வீட்டுப்பாடம் பற்றிக் கேட்ட குரல்பதிவிலிருந்து ‘எனக்க நோட்டு’ (வட்டாரப் பேச்சில் ‘என்னுடைய நோட்டு’) என்ற இரண்டு சொற்களை மட்டும் வெட்டியெடுத்து, சிரிப்பொலி சேர்த்துச் சிலர் ஸ்டேட்டஸ் வைத்தனர். அவள் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. வைத்தவர்களில் இருவர் வீட்டிலும் ‘எனக்க’ என்றுதான் பேச்சு. அறிவுரை அங்கே எடுபடவில்லை. அதன்பின் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் நான் பின்பற்றும் முறை இது.

முதலில் ஆசிரியர் தம் குரலையே தர வேண்டும். கேலியாக வெட்டிக் காட்டும் பயிற்சிக்கு மாணவர் குரலை ஒருபோதும் எடுக்கக் கூடாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபின், கடலுக்குப் போனவர்களுக்காக எங்கள் ஊர் காத்திருந்ததை என் வீட்டுப் பேச்சிலேயே மூன்று நிமிடம் பதிந்து கொடுத்தேன். ஆய்வகக் கணினியில், இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில், ஒரு குழு அதைச் சிரிப்பு வரும்படி 15 நொடிக்கும், மற்றொரு குழு பொருள் மாறாமல் ஒரு நிமிடத்துக்கும் சுருக்க வேண்டும். திரையில் ஓடும் ஒலிக்கோடு ஓரிடத்தில் நான்கு நொடி தட்டையாகக் கிடந்தது. முதற்குழு அதை வெற்றிடம் என்று நீக்கியது. இரண்டாம் குழுவில் ஒரு மாணவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “சார், இந்த இடத்துல அழுதியளா?” என்று கேட்டான். இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு, விளக்கம் எதுவும் சொல்லாமல் மாணவர்களைப் பேசவிடுங்கள்.

அடுத்த வாரம் இருவர் இருவராக வெளியே அனுப்பலாம். பனையேறுபவர், சந்தையில் மீன் விற்கும் அம்மா, ரப்பர் பால் வெட்டுபவர் என யாராயினும் அவருடைய ஓய்வு நேரத்தில் சந்திப்பதே முறை. அனுமதியை இருமுறை பெற வேண்டும்: பதியுமுன் ஒருமுறை, தொகுத்ததை அவருக்கே போட்டுக் காட்டியபின் மறுமுறை. ‘இது வேண்டாம் மக்களே’ என்று அவர் சொல்லும் பகுதியைக் காரணம் கேட்காமல் நீக்கிவிட வேண்டும். எதை வெட்டினேன், ஏன் வெட்டினேன் என்று மாணவர் எழுதும் அரைப்பக்கத்துக்கே மதிப்பெண் தருகிறேன்; தொகுப்பின் நேர்த்திக்கு அல்ல.

கேலி செய்தவரையும் கேலிக்குள்ளானவரையும் ஒரே இணையாகச் சேர்க்காதீர்கள். மிரட்டல் நடந்திருந்தால் செயல்திட்டம் அதற்குத் தீர்வாகாது. பெற்றோரை அழைப்பதோடு, குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது இணையக் குற்ற உதவி எண் 1930-இல் உடனே தெரிவிக்க வேண்டும்.

தொகுப்புகளை வகுப்பறையில் மட்டும் ஒலிக்கச் செய்கிறோம். முடிந்ததும் முழுப் பதிவுகளைக் கைபேசிகளிலிருந்து நம் கண்முன்னே அழிக்கச் சொல்லி, பேசியவர் விரும்பினால் அவருக்கு மட்டும் ஒரு படி கொடுக்கிறோம்.