ஓவிடின் நாடுகடத்தல் கவிதைகள்: பெயர்கள் வழிமறித்தால் எப்படி வாசிப்பது

நான் 1998ல் பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவன். 2012ல் ஒருநாள் இரவு வேலை முடிந்து புக்கிட் பாத்தோக்கில் பேருந்தை விட்டு இறங்கும் நேரம், அம்மாவிடமிருந்து போன். ஏதேதோ பேசிக்கொண்டிருந்தவர் நடுவில், “ராமனே பதினாலு வருசத்துல அயோத்திக்குத் திரும்பிட்டான்யா” என்றார். வா என்று கூப்பிடவில்லை, ஏன் வரவில்லை என்றும் கேட்கவில்லை. அடுத்த பேச்சு மாட்டுக்குத் தவிடு வாங்குவதைப் பற்றிப் போய்விட்டது.

ஓவிடை எப்படி வாசிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் போனைத்தான். ராமன் யார் என்று எனக்குத் தெரியும். அம்மா சொன்னது ராமன் கதை அல்ல. ராமன் திரும்பினான், நீ திரும்பவில்லை. அந்த இடைவெளியைத்தான் சொன்னார்.

ஓவிட் கி.மு. 43ல் பிறந்த ரோமானியக் கவிஞர். கி.பி. 8ல், ஐம்பது வயதில், பேரரசர் அகஸ்டஸ் அவரைக் கருங்கடல் கரையிலுள்ள தோமிஸ் என்ற ஊருக்கு அனுப்பிவிட்டார். இன்று அது ருமேனியாவின் கான்ஸ்டன்ட்சா. ஒரு கவிதையும் ஒரு பிழையும் தன்னைக் கெடுத்தன என்று அவரே எழுதுகிறார். கவிதை, காதல் கலையைக் கற்றுத்தரும் அவருடைய நூல். பிழை இன்னதென்று கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. அங்கிருந்து எழுதியவைதான் ஐந்து புத்தகங்கள் கொண்ட ‘திரிஸ்தியா’வும், நான்கு புத்தகங்களாக உள்ள பொந்தஸ் கடிதங்களும் (பொந்தஸ் என்றால் அந்தக் கருங்கடல் பகுதி), ‘இபிஸ்’ என்ற நீண்ட வசைக்கவிதையும். கி.பி. 14ல் அகஸ்டஸ் இறந்தார். அடுத்து வந்த திபேரியஸும் அவரைக் கூப்பிடவில்லை. அங்கேயே இறந்துபோனார்.

முதல்முறை வாசித்தபோது நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். நூலகத்திலிருந்து ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்து வந்து, பக்கத்தில் புராண அகராதியை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் கதை தேடினேன். தவணையை நீட்டியும் முதல் புத்தகத்தில் பாதியைத் தாண்ட முடியவில்லை. நாற்பது கதைகள் தெரிந்துகொண்டேன், ஒரு கவிதைகூட உள்ளே இறங்கவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை.

இரண்டாம் முறை ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்து, பக்கத்தின் நடுவில் கோடு போட்டேன். பெயர் வந்ததும் இடப்பக்கம் அந்தக் கதை ஓவிடுக்கு எங்கே பொருந்துகிறது என்று ஒரு வரி. வலப்பக்கம் எங்கே பொருந்தவில்லை என்று ஒரு வரி. வலப்பக்கம்தான் முக்கியம். அங்கே எழுத ஒன்றும் கிடைக்காத பெயரைத் தயங்காமல் தாண்டிப் போகலாம்.

பழகுவதற்கு ஏற்றது திரிஸ்தியாவின் முதல் புத்தகத்தில் ஐந்தாம் கவிதை. டிராய்ப் போர் முடிந்து ஊர் திரும்பும் வழியில் கடலில் அலைந்த யுலிசீஸை விட நான் அதிகம் பட்டுவிட்டேன், புலவர்களே, அவனை விட்டு என்னைப் பாடுங்கள் என்கிறார். வலப்பக்கத்தை அவரே நிரப்பித் தருகிறார். அவனுக்கு விசுவாசமான துணைவர்கள் இருந்தார்கள், என்னைக் கூட இருந்தவர்கள் கைவிட்டார்கள். அவன் வென்று தன் ஊரைத் தேடிப் போனான், நான் தோற்று என் ஊரை விட்டு ஓடுகிறேன். அவன் உடம்பு உழைத்து உரமேறியது, என்னுடையது பலவீனமானது. அவன் பட்டதில் பெரும்பகுதி கட்டுக்கதை, என் துயரத்தில் கதை ஏதுமில்லை. அவன்மேல் கோபம் கொண்டது கடல்தெய்வம் நெப்டியூன், என்மேல் தெய்வங்களின் அரசன் ஜூபிட்டர்.

இந்த இடத்தில் ஒரு சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கவிதைகளில் ஜூபிட்டர், இடி, மின்னல் என்று எங்கே வந்தாலும் பெரும்பாலும் அது அகஸ்டஸ்தான். புகழ்வதுபோல் இருக்கும். ஆனால் இடி விழுந்தவன் பேசுகிறான் என்பதை மறக்காமல் வாசிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பெயர் ஆக்டியோன். இதற்கு மட்டும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். திரிஸ்தியாவின் இரண்டாம் புத்தகம் முழுவதும் அகஸ்டஸுக்கு எழுதிய ஒரே கவிதை, 578 வரி. அதில் ஓரிடத்தில் நான் ஏன் எதையோ பார்த்தேன், ஏன் என் கண்களைக் குற்றவாளியாக்கினேன் என்று புலம்புகிறார். உடனே ஆக்டியோன் வருகிறான். காட்டில் வேட்டைக்குப் போனவன், டயானா தெய்வம் நீராடுவதைத் தெரியாமல் பார்த்துவிட்டான். மானாக மாற்றப்பட்டு, தான் வளர்த்த நாய்களுக்கே இரையானான். இடப்பக்கம் எழுதுவது சுலபம்: இருவரும் தெரியாமல் பார்த்தவர்கள். எதைப் பார்த்தேன் என்று ஓவிடால் வெளியே சொல்ல முடியாது. சொல்ல முடியாததை ஆக்டியோன் சுமக்கிறான்.

இன்னும் ஒரு படி கீழே இறங்கலாம். இதே கதையை நாடுகடத்தப்படும் முன்பே தன் ‘உருமாற்றங்கள்’ காவியத்தின் மூன்றாம் புத்தகத்தில் ஓவிட் விரிவாகப் பாடியிருந்தார். தொடக்கத்திலேயே, இதில் குற்றம் விதியுடையது, பிழையில் என்ன பாவம் இருக்கிறது என்று கேட்கிறார். லத்தீனில் அங்கே வரும் சொல் ‘எர்ரோர்’. பிறகு தன் வீழ்ச்சிக்குக் காரணம் சொல்லும்போதும் அதே ‘எர்ரோர்’. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கமே வரவில்லை. வேறு எவனுக்கோ கேட்ட நியாயத்தைத் தனக்காகக் கேட்கும் நிலை அவருக்கு வந்துவிட்டது. ஆகவே ஒரு பெயர் உங்களை உலுக்கினால், அவருடைய பழைய நூலில் அது எப்படி வந்தது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

மனைவிக்கு எழுதியவற்றில் யுலிசீஸின் மனைவி பெனலோப்பி போன்ற கற்புக்கரசிகள் வரிசையாக வருவார்கள். அங்கே ஒன்றை மட்டும் கவனித்தால் போதும். பொந்தஸ் கடிதம் ஒன்றில், நீ அவர்களைப்போல உயிரைக் கொடுக்க வேண்டாம், பேரரசரின் மனைவியிடம் எனக்காக வாய்திறந்து கேள் என்கிறார். அத்தனை புராணமும் அந்த ஒரு வேண்டுகோளுக்காகத்தான்.

வரலாற்றுப் பெயர்களுக்குக் கோடு மட்டும் போதாது, தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பொந்தஸ் கடிதங்களின் முதல் புத்தகத்தில் மூன்றாம் கடிதம், ஆறுதல் சொல்லி எழுதிய ருஃபினஸ் என்ற நண்பருக்குப் பதில். நாடிழந்த பெரியவர்களை ஓவிட் அடுக்குகிறார். ரோமானியரான ருட்டிலியஸ் இன்றைய துருக்கியிலுள்ள ஸ்மிர்னாவில் இருந்தார், அது பொந்தஸ் அல்லவே, எவரும் விரும்பிப் போகும் ஊர். ஏதென்ஸ்காரர்களில் தெமிஸ்டோக்ளிஸ் ஆர்கோஸுக்குப் போனார், அரிஸ்டிடிஸ் ஸ்பார்ட்டாவுக்கு. பழைய ரோமானியர்களுக்கு நாடுகடத்தலின் எல்லையே திபூர்தான் என்கிறார். திபூர் இன்றைய திவோலி, ரோமிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். சிங்கப்பூரின் மேற்கு முனையான துவாஸிலிருந்து கிழக்கு முனையான சாங்கி போகும் தூரம்கூட இல்லை. ஒரு வரைபடத்தில் இந்த ஊர்களையெல்லாம் புள்ளி வைத்து, கடைசியாகத் தோமிஸுக்கும் ஒரு புள்ளி வையுங்கள். அவர் வாதம் கண்ணுக்கே தெரியும்.

அந்த ஊரின் பெயரையும் அவர் விடவில்லை. தோமிஸ் என்பதைக் கிரேக்கத்தில் ‘வெட்டு’ என்ற சொல்லோடு சேர்த்து, துரத்தி வந்த தந்தையைத் தாமதிக்க வைக்கக் கிரேக்கப் புராணத்து மெடியா தன் தம்பியைத் துண்டு துண்டாக்கிய இடம் இது என்கிறார். தான் வாழும் மண்ணையே அப்படித்தான் பார்த்தார்.

கடைசியாக, திரிஸ்தியா மூன்றாம் புத்தகத்தின் பத்தாம் கவிதை, குளிர்காலம். நான் வேலை பார்ப்பது பாண்டான் லூப் பக்கம் ஒரு மீன் கிடங்கின் கோல்ட் ரூமில், எப்போதும் மைனஸ் 18 டிகிரி. ஒருமுறை யாரோ வாளியில் தண்ணீரை உள்ளே மறந்து வைத்துவிட்டார்கள். மறுநாள் வாளி வெடித்துக் கிடந்தது, தண்ணீர் வாளி வடிவத்திலேயே நின்றது. ஜாடியை எடுத்த பிறகும் ஜாடி வடிவிலேயே மது நிற்கிறது, அதைக் குடிப்பதில்லை, துண்டுகளாகக் கொடுக்கிறார்கள் என்று ஓவிட் எழுதியிருப்பதை வாசித்தபோது, அந்த வாளியைத்தான் கண்டேன். உறைந்த கடல்மேல் நடந்தேன், கால் நனையவில்லை என்கிறார். பனியில் சிக்கிய மீன்களில் சில உயிரோடிருந்தன என்கிறார். அங்கேதான் லியாண்டர் வருகிறான், காதலியைப் பார்க்க இரவில் கடலை நீந்திக் கடந்து ஒருநாள் மூழ்கிப்போனவன். உனக்கு இந்தக் கடல் கிடைத்திருந்தால் நீ செத்திருக்க மாட்டாயே என்கிறார் ஓவிட். வலப்பக்கத்தில் நான் எழுதிய வரி: “கடல் உறைந்தது, இவர் நடந்தார், போய்ச் சேர அக்கரையில் ஆளில்லை.”

‘இபிஸ்’ஸை மட்டும் எல்லாம் முடித்த பிறகு எடுங்கள். சாபத்துக்கு ஒரு பெயராக அடுக்கிக்கொண்டே போவார், பல பெயர்களை நேராகச் சொல்லவும் மாட்டார். நோட்டில் இருபது பக்கமாவது வெற்றிடம் விட்டுவைத்துக்கொள்ளுங்கள்.