கல்குவாரியைப் பூங்காவாக்கும்போது தவிர்க்க வேண்டியவை

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் கைவிட்ட கல்குவாரியைப் பூங்காவாக்க ஒரு புதுக் குழு கிளம்பினால், சில மாதத்தில் என்னைக் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் எங்கள் குழு அன்று செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்திருப்பார்கள். தண்ணீர் ஊற்ற மறந்தது, கன்றை ஆடு மேய்ந்தது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விடுகிறேன்.

இலவச மண்

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். இங்கே பல குவாரிகள் டில்லைட் என்ற கெட்டிப் பாறையில் வெட்டியவை. கல் போன பிறகு மிஞ்சுவது மொட்டைத் தரை. அதைப் பார்த்ததும் மனசு கேட்காமல், எங்கோ வீடு கட்டத் தோண்டிய மண்ணை லாரி லாரியாகக் கொட்டச் சொல்கிறார்கள். காசு கேட்கவில்லை என்றதும் யாரும் எதுவும் விசாரிப்பதில்லை.

அந்த மண்ணோடு சூபாபுல், உண்ணிச்செடி, குரோமோலீனா போன்ற களைகளின் விதைகளும் வந்து இறங்குகின்றன. சூபாபுல் விதை மண்ணுக்குள் பத்து வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். அக்டோபர் மழை விழுந்ததும் இடம் முழுக்கப் பச்சை. குழுவினர் பூரித்துப்போய்ப் படம் அனுப்புவார்கள். ஒரு இலையைக் கிள்ளிப் பாருங்கள் என்பேன். அடியிலிருந்து மூன்று நரம்பு சூலம் போலப் பிரிந்திருக்கிறதா? கசக்கினால் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறதா? அப்படியென்றால் குரோமோலீனா. பச்சையாக இருக்கும்போதே பற்றி எரியக்கூடிய செடி அது.

எங்கள் குவாரியில் அப்புறம் வந்த சனிக்கிழமை எல்லாம் களை பிடுங்குவதிலேயே போயின. மரம் நட ஆசையாக வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். இயந்திர வாடகையை எப்படியோ திரட்டிவிட்டோம், அந்தப் பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிவர முடியவில்லை. படிக்கட்டாக வெட்டிய சரிவில் கொட்டிய மண்ணோ பெருமழையில் கீழ்த்தெரு சாக்கடைக்குப் போய்விட்டது. 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்றில்லை.

முதலில் குவாரியின் ஓரத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். வெட்டத் தொடங்கும்போது வழித்தெடுத்த மேல்மண் பல இடங்களில் புல் மூடி மேடாகக் கிடக்கும். அது அந்த இடத்துச் சொந்த மண். அதிலும் களை முளைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். லாரி ஓடி இறுகிய தரையை இயந்திரத்தால் கீறிவிட்டு, பள்ளங்களில் மட்டும் இந்த மண்ணைப் போட்டு, மேலே மரச்சீவலைப் பரப்பினால் போதும். தரை முழுக்க மூடத் தேவையே இல்லை.

வேப்பமரம் என்று நினைத்து

மாரியம்மன் பூசைக்கு ஆகுமே என்று, வேம்பு போலத் தெரியும் சிரிங்கா மரத்தை நடாதீர்கள். அது வேம்புக்குச் சொந்தம், வேம்பு அல்ல. அதன் மஞ்சள் பழத்தைப் பறவைகள் தின்று ஊரெல்லாம் விதைத்துவிடும். தென்னாப்பிரிக்காவின் பரவும் அயல் தாவரப் பட்டியலில் உள்ள மரம் அது. கோயில் வாசலில் நிற்பதை வெட்டச் சொல்லவில்லை, குவாரிக்குள் கொண்டுவராதீர்கள் என்கிறேன். நம் கல்யாண முருங்கையின் இனத்திலேயே இந்த மண்ணின் பவளமரம் இருக்கிறது. பாறை இடுக்குக்கு இங்குள்ள அத்தியும் கற்றாழையும் இருக்கின்றன. சாட்ஸ்வர்த்தில் சில்வர்கிளென் நாற்றங்காலில் விசாரித்துப் பாருங்கள்.

பாறைச் சுவரை மூடுவது

வேண்டாம். வல்லூறு முட்டையிட அந்த மாதிரி இடுக்குதான் வேண்டும்.

குட்டையில் மீன் விடுவது

திலாப்பியாவை விட்டால் தவளைக்குஞ்சு மிஞ்சாது.

அவசரமாகப் பொறுப்பேற்பது

2002ஆம் ஆண்டின் கனிமவளச் சட்டப்படி, அரசின் மூடல் சான்றிதழ் கிடைக்கும்வரை குவாரியின் சுற்றுச்சூழல் பொறுப்பு உரிமம் வைத்திருப்பவருடையது. அதற்கு முன்பே குழு இடத்தை எழுதி வாங்கிக்கொண்டால், சரிவைச் சீராக்கும் செலவும் வேலிச் செலவும் யார் தலையில் என்ற வழக்கு உங்கள் வாசலுக்கு வரும். சான்றிதழின் நகலைக் கேளுங்கள். காட்டவில்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள், எவ்வளவு நல்ல மனிதர் கேட்டாலும் சரி.