"இது மட்டும் முடியட்டும்" என்று தள்ளிப்போடாதீர்கள்

புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சாப்பிட்டு முடிப்பவர்களைப் பார்த்தால், பழைய நான் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கிறது. இலக்கை நோக்கி ஓடும்போது இன்றைய வாழ்க்கையைத் தவறவிடாமல் இருக்க, எந்தத் தவறுகளைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்கிறேன். தூக்கம், உடற்பயிற்சி பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுகிறேன்.

"முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்"

நான் அதிக விலை கொடுத்தது இந்தத் தவற்றுக்குத்தான். பதவி உயர்வுக்காக ஓடிக்கொண்டிருந்த வருடம் அது. மகள் சைக்கிள் பழகினாள். ஒரு கையால் சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தேன். மறு கையில் கைபேசி, அதில் ஒரு மெயில். படித்துவிட்டு நிமிர்ந்தால், பிடித்திருந்த கை காற்றில் இருக்கிறது. அவள் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருக்கிறாள். அவள் முதன்முதலில் தனியாக ஓட்டிய நொடியை, பக்கத்திலேயே இருந்தும் நான் பார்க்கவில்லை.

"பாத்தீங்களாப்பா?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

"பாத்தேன்மா" என்று பொய் சொன்னேன்.

பதவி உயர்வும் வந்தது. கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அன்று இரவே அடுத்த படிக்கு எத்தனை வருடம் ஆகும் என்று எண்ணத் தொடங்கிவிட்டேன். பிரிக்மன், கேம்ப்பெல் என்ற உளவியலாளர்கள் 1971-லேயே இதை, எவ்வளவு ஓடினாலும் நின்ற இடத்திலேயே இருக்கும் ட்ரெட்மில் ஓட்டத்துக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள்: கிடைத்தது சீக்கிரம் பழகிப்போகிறது, மனம் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. அது போகட்டும். எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது, இத்தனைக்கும் 'குடும்பத்துக்காகத்தானே' என்று பெயர் வைத்துக்கொண்டதை நினைத்தால்தான். அந்த மெயில் பத்து நிமிடம் காத்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

கனவிலேயே குடியிருப்பது

கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 2,250 பேரிடம் கைபேசி வழியாக அவ்வப்போது விசாரித்தார்கள். கேட்டபோதெல்லாம் கிடைத்த பதில்களில் ஏறத்தாழ 47 சதவீதத்தில் மனம் வேறெங்கோ இருந்தது. இனிமையான நினைப்பில் இருந்த நேரத்தில்கூட, கையிலிருந்த வேலையில் ஊன்றியிருந்த நேரத்தைவிடக் கூடுதல் சந்தோஷம் இல்லை.

ஆசையையே விட்டுவிடுவது

வேண்டாம். ஒரு வருடம் விட்டுப் பார்த்தேன், வேலையே கசந்துபோனது.

நிறுத்தும் நேரத்தை எழுதாமல் தொடங்குவது

இலக்கை எழுதும் அதே தாளில், தினமும் எத்தனை மணிக்கு வேலையை நிறுத்திவிட்டு எழுந்துவிடுவீர்கள் என்றும் எழுதுங்கள். என் தாளில் மாலை ஆறரை. முதல் மாதம் பாதி நாள் மீறினேன். எதற்காக மீறினேன் என்று பக்கத்திலேயே குறித்து வைத்தேன். மாதக் கடைசியில் எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவை மறுநாள் காலை அரை மணியில் முடிந்திருக்கக்கூடியவை.