பெர் பிளாங்: பிரெஞ்சு வெண்ணெய் சாஸை வீட்டில் செய்யும் முறை

பிரான்சின் மேற்கே, லுவார் ஆற்றங்கரையிலுள்ள நாந்த் நகரை ஒட்டிய பகுதியில் உருவானது பெர் பிளாங். கிளெமான்ஸ் லெஃபெவ்ர் என்னும் சமையற்காரர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெண்ணெயும் முட்டை மஞ்சள் கருவும் கலந்த பெயார்னேஸ் சாஸ் செய்யும்போது அந்த மஞ்சள் கருவைச் சேர்க்க மறந்துவிட்டதால் இது பிறந்தது என்ற கதை அங்கே வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும், மாவும் முட்டையும் இல்லாத இந்தச் சாஸுக்குத் திண்மை தருவது வெண்ணெய்தான். அதை உருக்கி எண்ணெயாக்கிவிடாமல் குழைய வைப்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

நான்கு பேருக்கு உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம், மிகப் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் 2 மேசைக்கரண்டி, இனிப்பில்லாத வெள்ளை ஒயின் 100 மில்லி, வெள்ளை ஒயின் வினிகர் 50 மில்லி ஆகியவை போதும். ஒயின், அந்தப் பகுதியில் விளையும் மஸ்கடேயாக இருந்தால் மிகப் பொருத்தம். வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கிக் குளிர்பெட்டியிலேயே வைத்திருங்கள். நெய் இதற்கு உதவாது. வெண்ணெயில் ஏறத்தாழ 80 விழுக்காடு கொழுப்பும், மீதியில் பெரும்பங்கு நீரும், சிறிதளவு பால் புரதமும் உள்ளன. அந்தப் புரதம் முதலான பால் பொருள்களே கொழுப்புத் துளிகளைச் சூழ்ந்து நின்று, அவை நீரிலிருந்து பிரிந்துவிடாமல் காக்கின்றன. நெய் காய்ச்சும்போது அவை நீங்கிவிடுகின்றன.

புளிப்போடு வினைபுரியாத, அடி கனமான எவர்சில்வர் பாத்திரத்தில் வெங்காயம், ஒயின், வினிகர் மூன்றையும் சேர்த்து, 2 மேசைக்கரண்டி அளவு நீர்மம் எஞ்சும்வரை மெல்லிய தீயில் சுண்டவிடுங்கள். முற்றிலும் வற்றவிடக் கூடாது, ஏனெனில் கொழுப்பு பரவி நிற்பதற்கு அந்த நீர் வேண்டும். வெங்காயம் நிறம் மாறவும் கூடாது.

இனி அடுப்பை மிகக் குறைத்து, வெண்ணெயை இரண்டிரண்டு துண்டுகளாகப் போட்டுக் கம்பிக் கலக்கியால் இடைவிடாமல் கலக்குங்கள். முன்பு இட்டது ஏறக்குறைய கரைந்த பிறகே அடுத்ததை இட வேண்டும். பாத்திரத்தின் பக்கவாட்டைத் தொட்டால் கை பொறுக்காத அளவு சூடேறியதும் அடுப்பிலிருந்து தூக்கிவிடுங்கள். ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கொழுப்பு கசியத் தொடங்கும் என்பதால், இந்த இடத்தில் அவசரத்தைவிடத் தாமதமே நல்லது. எல்லாம் சேர்ந்தபின் வெளிர்மஞ்சளாக, கரண்டியின் முதுகில் படியும் பதத்தில் சாஸ் இருக்கும். அப்போது உப்பும் வெள்ளை மிளகுத்தூளும் சேருங்கள். வெங்காயத்தை வடிகட்டுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். எனக்கு அதன் மெல்லிய கடிப்பு பிடிக்கும்.

ஓரங்களில் எண்ணெய் மினுங்கினால், உடனே அடுப்பிலிருந்து இறக்கி ஒரு தேக்கரண்டி குளிர்ந்த நீர் விட்டு வேகமாகக் கலக்குங்கள். முழுவதும் பிரிந்துவிட்டால், வேறொரு பாத்திரத்தில் 2 மேசைக்கரண்டி பாலேட்டை (கிரீம்) சற்றுச் சுண்டக் காய்ச்சி, பிரிந்த சாஸை அதில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கினால் பெரும்பாலும் கூடிவரும். தொடக்கத்திலேயே பாலேடு சேர்த்துச் செய்பவர்களும் உண்டு. அது சாஸை நிலையாக நிறுத்தும் என்பது உண்மையே, ஆயினும் ஒயினின் கூர்மையை மழுக்கிவிடுவதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆறிய பெர் பிளாங்கை மீண்டும் சூடாக்கினால் பிரிந்துவிடும். ஆகவே இந்தச் சாஸை ஊற்றிப் பரிமாறப்போகும் மீனை முதலில் வேகவைத்து எடுத்துவிட்டுச் சாஸைத் தொடங்குங்கள். சற்று நேரம் காத்திருக்க நேர்ந்தால், வெந்நீரால் அலசிய ஃபிளாஸ்கில் ஊற்றி மூடி வையுங்கள்.