தேர்தல் வருடத்தில் தோட்டத்துக் கோரிக்கை: யாரிடம், எப்போது, எந்தக் கடதாசியோடு

தேர்தல் திகதி அறிவிக்கப்பட்ட கிழமையிலேயே இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களின் மண் ரோட்டில் வாகனங்கள் ஏறத் தொடங்கிவிடும். சம்பளம், காணி, வீடு, ரோடு ஆகிய நான்கும் எல்லா மேடையிலும் ஒலிக்கும். வாக்கு எண்ணி முடிந்த பிறகும் லயத்துக் (தொழிலாளர் வரிசை வீட்டுக்) கூரை ஒழுகும். "யார் வந்தாலும் நமக்கு ஒன்னும் ஆகப்போறதில்ல" என்று காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பேசுகிறவர்களுக்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் ஒரு விடயத்தை ஒவ்வொரு தோட்டத்திலும் எடுத்துச் சொல்ல வேண்டும். பிரதேச சபை என்பது நாம் வாக்களித்துத் தெரிவு செய்யும் உள்ளூராட்சி மன்றம். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணம் தோட்டத்துக்குள் செலவாவதற்குத் தடையாக நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களித்து உறுப்பினரைச் சபைக்கு அனுப்பலாம். அவரால் அதே தோட்டத்தில் ஒரு கான் (வடிகால்) வெட்டக்கூடச் சபைக் காசை எடுக்க முடியாது. அந்த ஒரு பிரிவைப் பிடித்துக்கொண்டு பல வருடங்கள் விடாமல் கேட்டதால் 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய பிரதேச சபைகளும் வந்தன. இன்றைக்குத் தோட்ட ரோட்டுக்காகப் பிரதேச சபையில் மனுக் கொடுக்க முடிவது இதனால்தான். இது தெரியாமல் இன்னும் பல இடங்களில் எல்லாவற்றுக்கும் அமைச்சருக்கே கடிதம் எழுதுகிறார்கள். கடிதம் ஒபீஸ் ஒபீஸாகச் சுற்றி, கடைசியில் பிரதேச சபைக்கே வந்து சேர ஒரு வருடம் போய்விடுகிறது.

ஒரு கோரிக்கையை நிறைவேற்றக் கையெழுத்துப் போட வேண்டியவர் யார்?

ஒரு எம்.பி. மேடையில் ஒன்றைக் கேட்கும்போது, அதை நிறைவேற்றும் அதிகாரம் யார் கையில் என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். பாராளுமன்ற உறுப்பினர் சட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் வாக்களிப்பார், கேள்வி எழுப்புவார், மாவட்ட, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் அதிகாரிகளிடம் விளக்கம் கேட்பார். சம்பளத்தை அவர் தனியாக உயர்த்த முடியாது.

சம்பளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரி வரை தொழிற்சங்கங்களும் முதலாளிமார் சம்மேளனமும் செய்த கூட்டு ஒப்பந்தம்தான் அதைத் தீர்மானித்தது. அதன் பிறகு விடயம் சம்பள நிர்ணய சபைக்குப் போனது. அங்கே தொழிலாளர் தரப்பு, முதலாளிமார் தரப்பு, அரசு நியமிக்கும் உறுப்பினர்கள் என மூன்று பக்கமும் உட்காருகிறார்கள். சபை முடிவெடுத்து, ஆட்சேபம் கேட்டு அறிவித்தல் போட்டு, வர்த்தமானியில் வந்த பின்தான் தொகை சட்டமாகும். 2021இல் 1,000 ரூபாயும் 2024இல் 1,350 ரூபாயும் இந்த வழியாகவே வந்தன. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அடிப்படைச் சம்பளம் 1,550, அரசு தரும் வருகை ஊக்கத்தொகை 200, ஆக மொத்தம் 1,750 என்று அறிவித்தது.

ஆகவே யாராவது ஒரு தொகையை உரக்கச் சொன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது அடிப்படைச் சம்பளமா, ஊக்கத்தொகை சேர்த்த கணக்கா? ஈ.பீ.எப். (ஊழியர் சேமலாப நிதி) முதலாளியின் 12 வீதம், தொழிலாளியின் 8 வீதம், ஈ.டீ.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் என்பது பொதுவாக அடிப்படைச் சம்பளத்தின் மீதுதான் விழுகிறது. தொகையில் பெரும்பங்கு ஊக்கத்தொகையாக வந்தால் ஓய்வு பெறும்போது கையில் கிடைப்பது குறையும். ஒரு முழுப் பேருக்கு (முழு நாட்சம்பளத்துக்கு) எத்தனை கிலோ கொழுந்து கேட்கப்படும்? மாதத்தில் எத்தனை நாள் வேலை உறுதி? கடைசிக் கேள்விதான் மிகவும் முக்கியம் என்பது எங்கள் கருத்து. 1,350 ரூபாய்க்கு 15 நாள் வேலை என்றால் 20,250 ரூபாய். சம்பளம் 1,550 ஆகி வேலை 13 நாளாகக் குறைந்தால் 20,150 ரூபாய். நாட்சம்பளம் கூடியும் வீட்டுக்கு வரும் காசு குறைகிறது. நாட்களைப் பற்றிப் பேசாத எந்தச் சம்பளக் கோரிக்கையும் அரைக் கோரிக்கைதான்.

வீடும் காணியும் இதைவிடச் சிக்கலானவை. பெரும்பாலான தோட்டக் காணி அரசுக்குச் சொந்தம். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் போனபோது காணி குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. எனவே "ஏழு பேர்ச்சஸ் தருவோம்" என்ற வாக்குறுதி உண்மையாக வேண்டுமானால் நான்கு கடதாசிகள் வேண்டும்: குத்தகையிலிருந்து அந்தத் துண்டை விடுவித்த கடிதம், நில அளவை வரைபடம், மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தரும் அறிக்கை, கடைசியாகக் குடும்பத்தின் பெயரில் உறுதி (காணி உரிமைப் பத்திரம்). மூன்றாவது கடதாசியை யாரும் தட்டிக்கழிக்க விடாதீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதற்குப் பிறகு, இடத்தைப் பார்க்காமல் வீடு கேட்பது பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவதாகும். உறுதி என்று சொல்லித் தருவது உறுதிதானா, வெறும் அனுமதிப் பத்திரமா என்பதையும் படித்துப் பாருங்கள். விற்கவோ, ஈடு வைத்துக் கடன் எடுக்கவோ முடியுமா என்பது அதில் எழுதியிருக்கும். கணவன் பெயரோடு மனைவி பெயரும் சேர வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே எழுத்தில் கேளுங்கள். ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 1,905 சதுர அடி. பொதுப் பாதையும் கானும் அதற்குள்ளா வெளியேயா என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ரோட்டுக்கு ஒரே கேள்வி: இது யாருடைய ரோடு? ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையுடையவை. சீ, டீ தரம் மாகாணத்துக்கு. மற்றவை பிரதேச சபைக்கோ தோட்ட நிர்வாகத்துக்கோ உரியவை. தோட்ட ரோடு என்றால் நிர்வாகத்தின் ஆட்சேபனை இல்லை என்ற கடிதத்தை முன்கூட்டியே வாங்கி மனுவோடு வைத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் பைல் மாதக்கணக்கில் நின்றுவிடும். மாகாண சபைத் தேர்தல் 2014க்குப் பிறகு நடக்காததால் மாகாணப் பாடசாலை, மாகாண வீதி பற்றிக் கேட்க மக்கள் தெரிவு செய்த உறுப்பினர் அங்கே இல்லை. அந்த மனுவை மாகாணத் திணைக்களத்துக்கு எழுதி, பிரதி ஆளுநர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

கமிட்டி

ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒரு ஆண், ஒரு பெண். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் கூட்டம் நடக்காது. எந்தச் சங்கத்துக்குச் சந்தா கொடுக்கிறவர்களும் இருக்கலாம், ஆனால் கூட்டத்தைச் சங்க ஒபீஸில் வைக்காதீர்கள். மற்றச் சங்கத்துக்காரர் வரமாட்டார்கள். கோயில் மண்டபமோ பிள்ளைமடுவமோ (தோட்டத்துக் குழந்தை பராமரிப்பு நிலையமோ) போதும். மாலை ஆறு மணிக்குக் கூட்டம் போட்டால் அடுப்படியை விட்டுப் பெண்கள் வர முடியாது. கொழுந்தெடுக்கிறவர்கள், தண்ணீர் சுமக்கிறவர்கள் அவர்கள். அவர்கள் இல்லாத கூட்டத்தில் ரோடு மட்டும்தான் பேசப்படும், தண்ணீர்ப் பீலியும் கழிவறையும் விடுபடும். ஞாயிறு பிற்பகல் நல்லது. ஏற்கனவே மரண உதவிச் சங்கம் ஒழுங்காக நடக்கும் தோட்டமென்றால் அதன் கணக்குக் கொப்பி வைத்திருப்பவரையே இதற்கும் எழுத்தாளராக வைப்பது புத்திசாலித்தனம்.

கடிதம்

ஒரு கடிதத்துக்கு ஒரு கோரிக்கை. பதினான்கு கோரிக்கைகள் உள்ள மனுவை எந்தக் கிளார்க்கும் எந்தப் பைலிலும் போட முடியாது. அது மேசையிலேயே கிடக்கும்.

"ரோடு மோசம், உடனே திருத்தித் தரவும்" என்று எழுதாமல், அளந்து எழுதுங்கள். 20 மீற்றர் கயிறு ஒன்று, இரண்டு இளைஞர்கள், ஒரு கொப்பி போதும். "கீழ்ப்பிரிவு 3ஆம் இலக்க லயத்தடியிலிருந்து பிரதான வீதி வரை 420 மீற்றர். 64 குடும்பங்கள், 51 பாடசாலைப் பிள்ளைகள். மழைக்காலத்தில் அம்புலன்ஸ் 180ஆவது மீற்றருக்கு மேல் வருவதில்லை" என்ற மாதிரி. அளவு இருந்தால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிப்பீடு போட வருவார். மதிப்பீடு இல்லாமல் எந்த நிதியிலும் பணம் ஒதுக்க முடியாது. மழை பெய்யும்போது எடுத்த படம் இரண்டு, வெயிலில் எடுத்தது ஒன்று. கையெழுத்துகளோடு பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருக்கட்டும்.

தமிழிலேயே எழுதுங்கள், பதிலையும் தமிழில் கேளுங்கள். அது உங்கள் உரிமை. மூன்று பிரதி எடுத்து, ஒன்றைக் கையளித்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை ஒட்டி வையுங்கள். இந்தச் சின்ன விடயத்தில்தான் பெரும்பாலான தோட்டங்கள் தோற்கின்றன: "அன்னைக்கே குடுத்தோமே" என்பதற்குச் சாட்சி இருக்காது.

வேட்பாளர் வரும்போது

எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் அதே கடிதம், அதே கேள்விகள். நான்கு பேரிடம் நான்கு விதமாகக் கேட்டால் கமிட்டி உடையும். பதிலை அவர் முன்னாலேயே கொப்பியில் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்துக் கேளுங்கள். போடாவிட்டால் "கையெழுத்திடவில்லை" என்று திகதியோடு எழுதுங்கள், கோபப்பட வேண்டியதில்லை. எதிர்க்கட்சியில் உட்கார நேர்ந்தால் இதற்காக என்ன செய்வீர்கள் என்ற கேள்வியையும் விடாதீர்கள். அமைச்சரானால் மட்டும் செய்வேன் என்கிறவரைவிட, ஒருங்கிணைப்புக் குழுவில் எந்த மாதம் எழுப்புவேன் என்று சொல்கிறவரின் வார்த்தையைப் பிடித்துக் கேட்கலாம்.

கூரைத் தகரம், உலர் உணவு, காசு என்று வாக்குக்காகக் கொடுப்பதும் வாங்குவதும் தேர்தல் குற்றம். அடையாள அட்டையை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். "யாருக்குப் போட்டாய் என்று எங்களுக்குத் தெரியும்" என்று எவர் சொன்னாலும் அது பொய், வாக்கு இரகசியமானது. இதை வயதானவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

வாக்குச் சீட்டு தேர்தலுக்குத் தேர்தல் மாறுவதால் வாக்குகள் வீணாகின்றன. பாராளுமன்றத் தேர்தலில் முதலில் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ புள்ளடி (X), பிறகு அதே அணியில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு. கட்சிக்குப் போடாமல் விருப்பு இலக்கத்துக்கு மட்டும் போட்டால் சீட்டு செல்லாது. பிரதேச சபைக்கு ஒரே புள்ளடி, விருப்பு வாக்கு கிடையாது. ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கு மட்டும் வாக்களிக்கலாம், அல்லது 1, 2, 3 என்று எண் போடலாம். மாதிரிச் சீட்டு வரைந்து பிள்ளைமடுவத்தில் ஒரு மணி நேரம் பழக்கினால் போதும்.

இடாப்பு

வாக்காளர் இடாப்புக்கான (பட்டியலுக்கான) தகுதித் திகதி பெப்ரவரி 1. கிராம உத்தியோகத்தர் ஒருவருக்குப் பல தோட்டங்கள் இருப்பதால் சில லயங்கள் விடுபடும். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளின் பெயர் "இங்கே இல்லை" என்று நீக்கப்படும். நீக்கப்படுவோர், சேர்க்கப்படுவோர் பட்டியல்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது கமிட்டியில் இருவர் போய் லயம் லயமாகச் சரிபார்க்க வேண்டும். பெப்ரவரிக்குப் பிறகு 18 வயதாகிறவர்களுக்குத் துணை இடாப்பு உண்டு. அடையாள அட்டை இல்லாதவர்களுக்குத் தற்காலிக அட்டைக்கு கிராம உத்தியோகத்தர் மூலம் நேரத்தோடு விண்ணப்பியுங்கள். கடைசிக் கிழமையில் புகைப்படம் எடுக்க ஓடுவதால் பலருக்குத் தவறிவிடுகிறது.

வாக்கெண்ணி முடிந்த பிறகு

உண்மையான வேலை இங்கேதான். மூன்று மாதம் கழித்து, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடுங்கள். "ரோடு எப்போது போடுவீர்கள்" என்று கேட்டால் ஒருவரி மழுப்பல்தான் வரும். கடதாசியைக் கேளுங்கள்: "இந்தத் திகதியில் நாங்கள் கையளித்த மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்பின் பிரதி, மதிப்பீட்டின் பிரதி, இந்த வட்டாரத்துக்கு இவ்வருடம் ஒதுக்கிய வேலைகளின் பட்டியல்." காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். ஏ4 தாளில் முதல் நான்கு பக்கம் இலவசம்.

14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற முடிவு வர வேண்டும்; தருவதென்றால் அடுத்த 14 நாட்களுக்குள் தகவல். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. திகதி தவறினால் மேன்முறையீடு விழுந்துவிடும், ஆகவே விண்ணப்பம் கொடுத்த அன்றே இந்த நாட்களைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

பிரதேச சபையின் மாதக் கூட்டத்துக்கு இருவரை அனுப்பிப் பின்வரிசையில் உட்கார வையுங்கள். வட்டார உறுப்பினர் உங்கள் மனுவைப் பற்றிப் பேசினாரா என்று கொப்பியில் எழுதுங்கள். அடுத்த வருடத்துக்கான வரவு செலவுத் திட்டம் டிசம்பருக்குள் நிறைவேற வேண்டும் என்பதால், அளவும் மதிப்பீடும் உள்ள மனு செப்டெம்பருக்கு முன் தவிசாளர் கையில் இருக்க வேண்டும். நவம்பரில் கொண்டுபோனால் அது அடுத்த வருடத்துக்கு அடுத்த வருடத்துக்குத்தான் போகும்.